கழற்றிப் பூட்டும் கலை

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால் நாம் முதலிற் கேட்பது, “புதியது என்ன விலை?” என்பதே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மல்லாவியில் அக்கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. விலை கொடுக்க ஆள் இருந்தாலும் பொருள் வந்து சேர வழி இருக்கவில்லை. ஆகவே, “இதை எப்படி மீண்டும் இயங்கச் செய்யலாம்?” என்ற கேள்வியே வீட்டுக்கு வீடு எழுந்தது. அந்தக் கேள்வி கற்பித்த பாடங்களை இன்றைய ஞாயிற்றுக்கிழமையில் நம் குடும்பங்கள் சிறிது நினைத்துப் பார்த்தல் நன்று.

மாங்குளத்திலிருந்து மேற்கே செல்லும் வீதியில், முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பிரிவில் அமைந்தது மல்லாவி. வவுனிக்குளத்து நீரை நம்பி வாழும் வயலூர்களின் நடுவே இருந்த இச்சிறு கடைத்தெரு, 1996 இல் கிளிநொச்சி நகரம் படையினர் வசமான பின்னர், இடம்பெயர்ந்து வந்த மக்களால் வன்னியின் முக்கிய பட்டினங்களுள் ஒன்றாயிற்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையோ நீடித்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து முதலியன தடைப்பட்டன. மண்ணெண்ணெயும் மட்டான அளவிலேயே கிடைத்தது. மின்சாரம் இல்லை. இந்த நிலையில் வண்டிகள் எவ்வாறு ஓடின என்று மாணவர்கள் வினவலாம்.

பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர் கார்களும் அப்போது மண்ணெண்ணெயில் ஓடின. இதில் மாயம் ஒன்றுமில்லை, பௌதிகமே உண்டு. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும்; காற்றோடு கலந்து பிளக்கின் பொறி பட்டவுடன் தீப்பற்றும். மண்ணெண்ணெய் அவ்வாறு எளிதில் ஆவியாகாது. எனவே குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெயைக் கொண்டு உயிர்ப்பிக்க இயலாது. இயந்திரம் சூடேறிய பின்னரோ, அச்சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்கிவிடும். இதனை உணர்ந்த நம்மவர், சிறு போத்தலில் வைத்திருந்த சொற்பப் பெற்றோலைக் காபரேற்றரில் பீச்சி வண்டியை உயிர்ப்பித்தனர். அது சூடேறும் வரையில் மேலும் சில துளிகள் விட்டனர். பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர்.

எல்லா வண்டியும் இதற்கு இணங்கவில்லை. ஐம்பதுகளில் வந்த அக்கார்களின் சிலிண்டரில் எரிபொருட் கலவை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே அமுக்கப்படும். அமுக்கம் குறைவாதலின், தரங்குறைந்த எரிபொருளையும் அவை ஒருவாறு சகித்துக்கொண்டன. அமுக்கம் மிகுந்த, கணினி கொண்டு இயங்கும் இக்காலக் கார்களில் இதனைச் செய்து பார்க்க எவரும் முனைய வேண்டாம். இயந்திரமும் கெடும், தீ விபத்தும் நேரும்.

இவ்வுபாயத்திற்கு ஒரு விலையும் இருந்தது. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனின் ஓரமாகக் கீழிறங்கி, இயந்திர ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்தது. பிளக்குகளில் கரி படிந்தது. ஒயிலை அடிக்கடி பார்த்து மாற்றவும், பிளக்கைக் கழற்றிச் சுரண்டித் துடைக்கவும், அதன் இடைவெளியை ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றருக்குச் சரிசெய்யவும் தெரிந்தவரே வண்டியைத் தொடர்ந்து ஓட்ட முடிந்தது. ஓட்டத் தெரிந்தவருக்குக் கழற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அக்காலத்து எழுதாத விதி.

இம்முறை உலகிற்குப் புதியதன்று. இங்கிலாந்தில் 1949 முதல் வெளிவந்த பேர்கசன் உழவு இயந்திர வகை ஒன்று, மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மலிவான எண்ணெயில் ஓடுமாறே அமைக்கப்பட்டது. தாங்கியின் ஒரு சிறு பகுதியிற் பெற்றோல். பெரும் பகுதியில் அவ்வெண்ணெய். பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடேறியதும் மற்றதற்கு மாற்றுவர். இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோலின்றித் தவித்த ஐரோப்பிய நாடுகளில், விறகை அரைகுறையாக எரித்துப் பெற்ற வாயுவினால் கார்கள் ஓடின. அங்கே தொழிற்சாலைகள் செய்து கொடுத்ததை இங்கே பூவரச மர நிழலில் தனி மனிதர் செய்தனர். வேறுபாடு அவ்வளவே.

மாணவர்களுக்கு இன்னோர் உதாரணம் உவப்பாயிருக்கும். பற்றறி இல்லாத வீட்டில் வானொலி எவ்வாறு பேசிற்று? துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுழற்ற, டைனமோ மின்சாரம் தந்தது. டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோற்று. நான்கு பற்றறி போடும் வானொலி கேட்பதும் 6 வோற்றே. ஆனால் முன்னது ஆடலோட்டம். பின்னதற்கு வேண்டியது நேரோட்டம். நான்கு டயோட்டுகளைப் பாலமாக இணைத்தால் அவ்வேறுபாடு நீங்கும். பாடப் புத்தகத்திற் படமாக இருந்த சுற்று, இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்கும் ஆவலினால் வீட்டு முற்றத்திற்கு இறங்கி வந்தது. சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். ஆகையால் வீட்டார் முறை வைத்துச் சுழற்றினர்.

2002 இல் போர்நிறுத்த உடன்பாட்டோடு தடைகள் தளர்ந்தன. ஏ9 வீதியும் திறந்தது. பெற்றோல் வந்ததும் அந்தச் சிறு போத்தல் மூலையிற் கிடந்தது. பின்னர் 2008 இல் போர் மீண்டும் இவ்வூருக்கு வந்தபோது மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். எத்தனையோ பாடுபட்டுக் காத்த வண்டிகளை வழியிலும் கடற்கரையிலும் கைவிட்டனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்து, காலப்போக்கில் திரும்பி வந்தபோது பலர் கண்டது கூரையற்ற சுவர்களையே. பொருள் யாவும் போயின. அவர்கள் இழக்காது கொண்டுவந்தது கையில் இருந்த பழக்கம் ஒன்றே. கதவு பூட்டவும், கிணறு இறைக்கவும், மண்ணிற் கிடந்த துவிச்சக்கர வண்டியை எழுப்பி ஓட்டவும் அதுவே முதலாயிற்று.

அப்பழக்கம் இப்போது மறைந்து வருகிறது என்பதே நம் கவலை. அன்று பிளக்குச் சுரண்டிய கைகள் முதுமை எய்துகின்றன. அருகிலிருந்து பார்க்கும் பிள்ளைகள் குறைவு. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, எத்தனையோ வீடுகளின் பின்புறத்திலிருந்து பழைய துவிச்சக்கர வண்டிகள் வெளியே வந்தன. அவற்றின் ரயரை மாற்றவும் சங்கிலியைப் பூட்டவும் வீட்டில் ஆளின்றிக் கடை வாசலிற் காத்து நின்றோரும் பலர். தட்டுப்பாடு முன்னறிவித்து வருவதில்லை. பழக்கமோ ஒரே நாளில் வருவதில்லை.

ஆகவே ஒரு சிறு யோசனை. வார இறுதியில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குவோம். முதற் பாடம் ரியூப் ஒட்டுதல். விடத்தல் முள் குத்திய ரயரைக் கழற்றி, ரியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்துக. குமிழி வரும் இடமே பொத்தல். அவ்விடத்தை நன்கு உலர்த்தி, அரத்தாளால் உரோஞ்சி, சொலூசனை மெல்லியதாகப் பூசுக. பூசியவுடன் ஒட்டுவது பலரும் செய்யும் பிழை. விரலால் தொட்டால் ஈரமின்றிப் பசைத்தன்மை மட்டும் தோன்றும் வரையிற் பொறுத்திருந்து, பின்னரே துண்டை வைத்து அழுத்துக. மீண்டும் பூட்டுமுன் ரயரின் உட்புறத்தைத் தடவி முள்ளைத் தேடி எடுக்க மறவாதீர். எடுக்காவிடில் நாளை மறுபடியும் இதே வேலைதான்.

அடுத்த வாரம் சொட்டும் குழாய்க்கு வாசர் மாற்றலாம். அதற்கடுத்த வாரம், கார் அல்லது மோட்டார்ச் சைக்கிள் உள்ள வீட்டில் ஒயில் மட்டத்தைப் பார்க்கப் பழகலாம். பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒருங்கே கற்கட்டும். ரயரில் ஏறும் முள் ஆளைப் பார்த்து ஏறுவதில்லை. கழற்றும் ஆணிகளை ஒரு சிரட்டையில் கழற்றிய ஒழுங்கிலேயே வைக்கச் சொல்லிக் கொடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பிள்ளை முதன்முறை ஒட்டும் ஒட்டு அனேகமாகக் கழன்றுவிடும். பெற்றோர் பொறுமையிழந்து தாமே கையிலெடுத்துவிட வேண்டாம். பக்கத்தில் இருந்து பார்த்தாற் போதும். இரண்டாம் முறை அது ஒட்டிக்கொள்ளும்.