பட்டம் மட்டும் போதுமா?

லண்டனில் கிரென்பெல் அடுக்குமாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14-ந் தேதி தீப்பற்றி 72 பேர் மாண்டனர். வெளிச்சுவரில் போர்த்தியிருந்த, எளிதில் எரியும் பலகைகளே நெருப்புப் பரவ முக்கிய காரணம். அக்கோரத்திற்குப் பின் பிறந்த 2022-ம் வருஷத்துக் கட்டிடப் பாதுகாப்புச் சட்டம், கட்டிடக் கலைஞர்களின் தொடர்கல்வியைக் கண்காணிக்கும் அதிகாரத்தை அவர்களது பதிவு மன்றத்திற்கு அளித்தது. இதை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். இளமையில் பெற்ற பட்டம் ஆயுள் முழுவதற்கும் போதுமென்பது வீண் பிரமை. கட்டும் பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன அல்லவா?

நியூயார்க் மாகாண விதி மூன்றாண்டுக்கு 36 மணி நேரம் கேட்கிறது. மணிக்கணக்கு மட்டும் கல்வியாகிவிடாது. லண்டன் மன்றம் மணியை எண்ணாமல், கற்றதைச் சிந்தித்து எழுதச் சொல்கிறது. அதுவே மேலான வழியென்பது நமது அபிப்பிராயம். குடியிருப்போர் வரைபடத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை; வரைந்தவரை நம்பியே உறங்குகிறார்கள்.