ஆயிரம் கால்களுக்கு ஒரு மாதிரித் தகடு

இரும்பு விளிம்பு பதித்து வார்த்த மாதிரித் தகடு ஒன்றுக்கு, கீழே போட்டிருக்கும் கணக்கின்படி, 8,610 ரூபாய் ஆகிறது. அதில் இரும்பின் விலை 100 ரூபாய். தேய்மானம் முழுவதையும் தாங்குவது அந்த 100 ரூபாய்ப் பட்டைதான். மிச்சமெல்லாம் அந்தப் பட்டையை வளையாமல், நகராமல் ஓரிடத்தில் பிடித்து வைக்கும் செலவு. யாழ்ப்பாணத்துத் தளபாடப் பட்டடைக்காரர் ஒருவர் இந்தச் செலவை எப்போது செய்யலாம், எப்போது செய்யக்கூடாது என்பதை எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

நகல் கடைசல் இயந்திரத்தின் வேலை எளிது. உருவம் வெட்டிய தகட்டின் ஓரத்தைத் தொட்டபடி ஒரு தொடுமுனை போகிறது. அதனோடு பிணைத்த உளி, சுழலும் மரத்தில் அதே வளைவை வெட்டுகிறது. அமெரிக்காவின் தோமஸ் பிளான்சார்ட் 1819-ல் துப்பாக்கிக் கட்டைகளைக் கடைய உருவாக்கிய இயந்திரமும் இந்த வழியில்தான் வேலை செய்தது. மாதிரியின் மேல் ஒரு சக்கரம் உருள, வெட்டும் சக்கரம் பக்கத்து மரத்தில் அதையே செய்தது. 200 ஆண்டுகள் கடந்தும் அடிப்படை மாறவில்லை. மாதிரி எவ்வளவு சரியோ, பொருளும் அவ்வளவே சரி.

கணக்குக்கு ஒரு மேசைக்காலை எடுத்துக்கொள்வோம். நீளம் 720 மில்லிமீற்றர். மணிகளும் பள்ளங்களும் ஏறி இறங்குவதால் விளிம்பின் நீளம் சுமார் 830 மில்லிமீற்றர். கரடாக இரண்டு தடவையும் இறுதியாக ஒரு தடவையும் உளியை ஓட்டினால், ஒரு காலுக்குத் தொடுமுனை கிட்டத்தட்ட 2.5 மீற்றர் உரசுகிறது. ஆயிரம் காலுக்கு 2.5 கிலோமீற்றர், அதுவும் முழுக்க ஒரே கோட்டில். பிளைவூட் விளிம்பில் இந்த உரசல் முதலில் மணியின் உச்சியைத்தான் பிடிக்கும். அங்கே தொடுமுனையின் அழுத்தம் ஒரு புள்ளியில் குவிகிறது. பனையும் முதிரையும் உளியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும் மரங்கள். உளி மழுங்க மழுங்கக் கை தன்னை அறியாமல் கூடுதலாக அழுத்தும், தகடும் அந்த வேகத்தில் தேயும்.

தேய்மானம் 0.2 மில்லிமீற்றர் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் கடைசலில் ஆரையில் விழும் பிழை விட்டத்தில் இரட்டிக்கும். அந்த 0.2 காலின் விட்டத்தில் 0.4 ஆகிவிடுகிறது. மணியில் இதைக் கண் பிடிக்காது. 25 மில்லிமீற்றர் துளைக்குள் இறங்கவேண்டிய நுனி 24.6 ஆக வந்தால்தான் தெரியும். பொருத்து ஆடும், பசை எவ்வளவு பூசினாலும் மேசை ஒருநாள் அசையத் தொடங்கும். ஆகவே தகட்டில் மிகவும் பாதுகாக்கவேண்டிய இடம் அலங்காரம் அல்ல, பொருத்து வரும் நுனிப் பகுதி.

இப்போது அளவுகள். தகட்டின் உடல் 720 நீளம், சராசரி 100 அகலம், 12 கனம். மொத்தம் 864 கன சென்ரிமீற்றர். இதையே முழு இரும்பில் வெட்டினால் எடை 6.8 கிலோ. நாம் செய்யப்போவது, 1.5 மில்லிமீற்றர் கனமும் 12 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட மெல்லிரும்புப் பட்டையை உருவ விளிம்பில் ஒன்று, நேரான பின் விளிம்பில் ஒன்று என வைத்து, நடுவில் மணல் கலந்த எப்பொக்சியை வார்ப்பது. முன் பட்டை 117 கிராம், பின் பட்டை 102 கிராம், மொத்தம் 219 கிராம். மிஞ்சிய 836 கன சென்ரிமீற்றரை எப்பொக்சிக் கலவை நிரப்பவேண்டும்.

மணல் இல்லாமல் வார்த்தால், கழிவு 10 வீதம் சேர்த்து, 1,057 கிராம் எப்பொக்சி வேண்டும். 100 பங்கு எப்பொக்சிக்கு 150 பங்கு மணல் என்ற எடை விகிதத்தில் கலந்தால் எப்பொக்சி 640 கிராம், மணல் 960 கிராம். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கும் வகையானால் அந்த 640-ல் 427 கிராம் பிசின், 213 கிராம் இறுக்கி. எப்பொக்சியில் 417 கிராம் மிச்சம். முடிந்த தகடு 1.7 கிலோ, அதாவது முழு இரும்புத் தகட்டின் கால் பங்கு.

மணல் சேர்ப்பதற்கு விலையைவிடப் பெரிய காரணம் வெப்பம். தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மத்தியானத்துக்கும் 10 பாகை வித்தியாசம் சாதாரணம். அந்த 10 பாகைக்கு 720 மில்லிமீற்றர் நீளத்தில் வெறும் எப்பொக்சி சுமார் 0.43 மில்லிமீற்றர் நீளும், இரும்போ 0.09 மட்டும் நீளும். இரண்டும் ஒட்டியிருக்கும்போது இந்த 0.34 வித்தியாசம் எங்காவது வெளிப்படவேண்டும். ஒன்றில் தகடு வில்லாக வளையும், அல்லது பட்டை பிடி விடும். மணல் கலந்தால் விரிவு ஏறத்தாழப் பாதியாகிறது, வித்தியாசம் 0.13-க்கு இறங்குகிறது. பின் விளிம்பிலும் பட்டை வைப்பது இதே காரணத்துக்காகத்தான். ஒரு பக்கம் மட்டும் இரும்பு இருந்தால் இழுப்பு ஒருபக்கமாகிவிடும். 102 கிராம் இரும்பை மிச்சம் பிடிக்க அந்தப் பட்டையை விட்டுவிடுபவர் தகட்டையே இழப்பார்.

படகுப் பிசின் கையிலிருக்கிறதே, அதை ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. காரைநகரில் சீநோர் நிறுவனம் 1967-ல் நோர்வே உதவியுடன் தொடங்கிய காலம் முதல், குடாநாட்டின் கரையெங்கும் பைபர் படகு வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. அச்சுக்கு மெழுகு பூசுவது, காற்றுக் குமிழை உருளையால் வெளியேற்றுவது, இறுக்கியை அளந்து விடுவது எல்லாம் அவர்களுக்குப் பழகிய வேலை. இந்தத் தகட்டை வார்க்க அவர்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது. ஆனால் படகில் போடும் பொலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 வீதம் வரை சுருங்கும். 6 வீதம் என்று எடுத்தால் நீளத்தில் 2 வீதம், 720-க்கு 14 மில்லிமீற்றர். படகில் கண்ணாடி இழை அந்தச் சுருக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது, இழையில்லாத வார்ப்பில் பிடிக்க எதுவுமில்லை. ஆளைப் படகுத் துறையிலிருந்து கூப்பிடுங்கள், பிசினை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

எப்பொக்சியும் கொஞ்சம் சுருங்கும். ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் நீளத்தில் 0.7 மில்லிமீற்றர், அகலத்தில் 0.1. நீளத்தில் மணி ஒன்று அரை மில்லிமீற்றர் தள்ளிப்போனால் மேசைக்காலுக்கு நட்டமில்லை. அகலத்தில் வரும் 0.1, விட்டத்தில் 0.2. அதனால்தான் ஒரே ஊற்றில் 12 மில்லிமீற்றரையும் நிரப்பாமல், 6 மில்லிமீற்றராக இரண்டு தடவை ஊற்றவேண்டும். முதல் ஊற்று இறுகிச் சுருங்கிய பிறகு இரண்டாவது அதன் மேல் அமர்ந்து இடைவெளியை நிரப்பும். தடவைக்கு 800 கிராம் கலவை போதும். அதையும் ஆழமான வாளியில் வைக்காமல் அகலமான தட்டத்தில் பரப்பவேண்டும். கலவை தானே சூடேறும் பொருள். வெப்பம் 10 பாகை கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 25 பாகையில் அரை மணி நேரம் தரும் கலவை 35-ல் கால் மணிக்குள் கையைவிட்டுப் போய்விடும். பங்குனி, சித்திரையில் இந்த வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிடவேண்டும்.

பட்டை பிடி விடாமலிருப்பது இந்த வேலையின் உயிர். எப்பொக்சி இரும்பில் ஒட்டும்தான், ஆனால் தொடுமுனை ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகிறது. ஒட்டை மட்டும் நம்பக்கூடாது. பட்டையின் உட்புறத்தை அரத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, 40 மில்லிமீற்றருக்கு ஒன்றாகச் சிறு ஆணிகளைக் கொக்கிபோல் வளைத்து வெல்ட் வைக்கவேண்டும். 830 மில்லிமீற்றருக்கு 21 ஆணிகள், எல்லாம் சேர்ந்து 20 கிராமளவில் நிற்கும். வார்ப்பு இறுகியபின் இந்த 21 கொக்கிகளும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பட்டையை அச்சின் சுவரோடு ஒட்டி வைத்து வார்ப்பதால் இன்னொரு வசதி: வேலை செய்யும் முகம் அச்சைத் தொட்டிருக்கும் வெளிமுகம். பட்டையின் கனம் உள்நோக்கியே போகிறது, உருவ அளவைத் தொடுவதில்லை. கூர்மையான உள்மூலைகளில் ஒரே பட்டையை மடிக்க முயலாமல் துண்டுகளாக வைப்பது நல்லது. தொடுமுனையின் ஆரை 3 மில்லிமீற்றர் என்றால், அதைவிடக் குறைந்த ஆரையுள்ள பள்ளத்துக்குள் அது எப்படியும் இறங்காது.

இனி ரூபாய். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் அந்த ஆண்டு மே மாதத்தில் 360-ஐத் தாண்டியது. உலகச் சந்தையில் விலை அசையாவிட்டாலும் இறக்குமதிப் பிசின் இங்கே 1.8 மடங்காகியிருக்கும். கொழும்பிலிருந்து ஏ9 வீதி வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறிக் கூலி வேறு. ஆகவே கீழே வருவது சந்தை விலை அறிக்கை அல்ல, கணக்குக்கு எடுத்த எண்கள். எப்பொக்சி கிலோ 4,000, பட்டை இரும்பு கிலோ 400, தேர்ந்த கைக்கு மணிக்கு 500 என்று வைத்திருக்கிறேன். உங்கள் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்பொக்சி 640 கிராம்: 2,560
இரும்புப் பட்டை, வெட்டுக் கழிவோடு 250 கிராம்: 100
கழுவி உலர்த்திச் சலித்த மணல்: 50
மெழுகு, அரத்தாள், கையுறை, ஆணி: 400
அச்சுக்குப் பலகை: 500
அச்சு வரைந்து வெட்டி அராவ 4 மணி, பட்டை வளைத்து ஆணி வைக்க 3 மணி, வார்ப்பு ஒன்றரை, துப்புரவும் அளவு பார்ப்பும் ஒன்றரை, ஆக 10 மணிக்கூலி: 5,000
மொத்தம்: 8,610

அதே உருவத்தில் வெறும் பிளைவூட் தகடு, பலகை 300, கூலி 4 மணிக்கு 2,000, ஆக 2,300. முழு இரும்பில் வெட்டினால் இரும்பு 2,720, அறுத்து அராவ 16 மணிக்கு 8,000, வாளும் அரைசில்லும் 1,000, ஆக 11,720.

பிளைவூட் தகடு 300 காலுக்குப் பின் பொருத்து நுனியில் தளர்கிறது என்று வையுங்கள். காலுக்கு 7 ரூபாய் 67 சதம். வார்த்த தகடு 3,000 கால் தாங்கினால் காலுக்கு 2 ரூபாய் 87 சதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 300 காலுக்கு மட்டும் வேலை வந்தால் அதே தகடு காலுக்கு 28 ரூபாய் 70 சதம் கேட்கும். இரண்டும் சமப்படும் இடம் 1,123 கால், அதாவது 281 மேசை. மாதம் 5 மேசை செய்யும் பட்டடைக்கு அது 56 மாதம். நாலரை ஆண்டுக்கு மேல் ஒரே கால் உருவம் விலைபோகும் என்று எந்தப் பட்டடைக்காரரும் உறுதி சொல்லமாட்டார். தனி ஒருவர் மேசைக்காலுக்கு இந்தத் தகட்டைச் செய்வது நட்டம். பிளைவூட்டே போதும், வேண்டுமானால் பொருத்து நுனியில் மட்டும் ஒரு இரும்புத் துண்டைப் பதிக்கலாம்.

கணக்கு திரும்பும் இடம் இரண்டாவது தகடு. அச்சு ஏற்கெனவே இருக்கிறது, 4 மணிக்கூலியும் பலகையும் இல்லை. செலவு 6,110-க்கு இறங்குகிறது, சமப்படும் இடம் 797 கால். முழு இரும்பிலோ, பிளைவூட்டிலோ இரண்டாவது தகட்டையும் முதலிலிருந்து அராவவேண்டும், அது முதலாவதைப் போலவே வருமென்றும் இல்லை. ஐந்து பட்டடைகள் ஒரே அச்சிலிருந்து ஆளுக்கொரு தகடு வார்த்தால் மொத்தம் 8,610-உடன் 4 தடவை 6,110, ஆக 33,050, ஆளுக்கு 6,610. மேலும் ஐந்து இடத்திலும் கடைந்த கால்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருந்தும். மாடிப்படிக் கைபிடிக் கம்புகளுக்கு இது நேரே பயன்படும். 14 படிக்கு, படிக்கு இரண்டாக 28 கம்பு. ஆளுக்கு 6,610 என்றால் சமப்படும் இடம் 862 கம்பு, 30 படிக்கட்டு வேலைக்கும் 31-க்கும் இடையில் அது வந்துவிடும். கம்பு வேலை தொடர்ந்து வரும் பட்டடைக்கு அந்த எண்ணிக்கை எட்டாத தூரம் அல்ல.

கணினியில் இயங்கும் கடைசல் இயந்திரம் வந்தபின் தகடு எதற்கு என்பதும் சரியான கேள்விதான். முதலீடு இருக்கும் இடத்தில் அது வரட்டும். 1990-ல் தேசிய மின் இணைப்பை இழந்து, 2013-ல் சுன்னாகம் வழியாக அதைத் திரும்பப் பெற்று, 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர வெட்டையும் கண்ட ஊரில், பழைய லேத்தை வைத்துப் பிழைக்கும் பட்டடைகளை ஒரே நாளில் மாற்றச் சொல்ல முடியாது.

அச்சைப் பத்திரப்படுத்துவதில் ஒரு எச்சரிக்கை. தகடு தேய்ந்ததா என்று பார்க்க, அதைத் திரும்ப அச்சுக்குள் வைத்து 0.2 மில்லிமீற்றர் இடைவெளித் தகட்டை விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் மாதிரித் தகட்டை ஓய்வுக்கு அனுப்பலாம். ஆனால் அச்சு மரமென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதும். மூன்று இடத்தில் வேர்னியரால் அளந்து, அளவையும் தேதியையும் அச்சின் முதுகிலேயே எழுதி வையுங்கள்.

குடாநாட்டுத் தளபாடக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தகட்டை அராவ உட்காருமுன், அதே உருவத்தை அக்கம்பக்கத்தில் இன்னும் யார் கடைகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று பேர் சேர்ந்தால் அச்சை வெட்டுங்கள், பொதுவில் வையுங்கள், தகட்டை ஆளுக்கொன்று வார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர்தான் என்றால் பிளைவூட்டோடு நில்லுங்கள்.