முளையும் மண்ணும்

"விளையும் பயிரை முளையிலே தெரியும்" என்னும் பழமொழிக்கு எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்க்குப் பொருள் கூறி வந்திருக்கிறேன். அதன் பாதிப் பொருளையே கூறி வந்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே முதலாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்தேன். முன்வாங்கிலே கணக்கப்பிள்ளையின் மகன்; பின்வாங்கிலே லயத்துச் சிறுவன் ஒருவன். இருவர்க்கும் வயது ஒன்றே. முன்னவன் ஒரு கிழமைக்குள் அகரம் எழுதினான். பின்னவன் ஒரு மாதஞ் சென்றும் எழுதினானல்லன். உயரத்திலும் மற்றவனின் தோளளவே நின்றான். "மந்தன்" என்று கூறி அவன் தலையிலே குட்டினேன்.

ஒருநாள் அவன் தாய் வந்தாள். "வெள்ளனவே கொழுந்தெடுக்கப் போயிருவேனுங்க ஐயா. சாயத்தண்ணியும் ரொட்டியுந்தான் குடுத்துட்டுப் போவேன். பால் மறந்த நாளையிலயிருந்து அதுதாங்க அவனுக்குச் சாப்பாடு" என்றாள். அவள் முறையிடவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்கோ மறுமொழி எழவில்லை.

அச்சிறுவன் தனியொருவன் அல்லன். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் கிராமப் புறங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப் புறங்களிலோ ஏறத்தாழ 32 பேர். குட்டையாயிருத்தல் குற்றமன்று. ஆயினும், நெடுநாட் போசாக்கின்மைக்கு அஃது ஓர் அடையாளம். மூளை மிக விரைந்து வளர்வதும் அந்த முதலிரண்டு மூன்று ஆண்டுகளிலேயே.

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டிலே, 1969 முதல் 1977 வரை நான்கு ஏழைக் கிராமங்களில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. இரண்டு கிராமங்களிற் புரதம் மிக்க கஞ்சியும், மற்றை இரண்டிற் புரதமில்லா இனிப்புப் பானமும் வழங்கினர். 2008இல் வெளிவந்த முடிவு நம்மைச் சிந்திக்க வைப்பது: பிறந்தது முதல் இரண்டு வயதுவரை கஞ்சி பெற்ற ஆண்கள், வளர்ந்தபின் மணித்தியாலத்துக்கு 46 வீதம் கூடிய கூலி பெற்றனர். மூன்று வயதுக்குப் பின் பெற்றோரிடம் அப்பயன் காணப்படவில்லை. பெண்களின் கூலியில் வேறுபாடு தோன்றவில்லையாயினும், அவர்கள் ஏறத்தாழ ஒரு வகுப்புக் கூடுதலாகக் கற்றனர்.

இதனால் நாம் அறிவது யாது? பாடசாலை வாயிலைப் பிள்ளை மிதிக்குமுன்னரே ஏற்றத்தாழ்வு தன் பாடத்தை நடத்தி முடித்துவிடுகின்றது. இலவசக் கல்வி அனைவர்க்கும் ஒரே வாயிலைத் திறந்தது. ஆயின், அவ்வாயிலுக்கு அனைவரும் ஒரே வலிமையோடு வந்து சேர்வதில்லை.

ஆகவே, தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா, தாய் மலையிலிருந்து திரும்பும்வரை குழந்தையைக் கிடத்தி வைக்கும் இடமாக மட்டும் இருத்தல் போதாது. அங்கே முட்டையும் பருப்பும் கீரையும் வேண்டும். குழந்தையோடு பேசுவதற்கும் கதை சொல்லுவதற்கும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். திரிபோஷா வழங்குவது நன்றே. எனினும், வறிய வீட்டிலே ஒரு பிள்ளைக்கு வந்த பொதி எல்லார்க்கும் பங்காகிவிடுவதுண்டு. தாயின் கூலி உயராமற் பிள்ளையின் கலம் நிரம்பாது.

ஆசிரிய நண்பர்களே, பிந்தி வந்த பிள்ளைக்கு நம் பொறுமை பயன்படாது என்று எண்ணிவிடாதீர்கள். பிற்பட்டவனுக்கே கூடுதலான நேரம் உரியது. அச்சிறுவனும் ஆண்டிறுதியில் எழுத்துக் கூட்டி வாசித்தான். நான் அவனருகே அமரத் தொடங்கிய பின்னரே.

முளையைப் பார்த்துப் பயிரைத் தீர்மானிக்கும் நாம், மண்ணைப் பார்க்க மறந்தோம். அன்று என் கை குட்டியது முளையை. குறையோ மண்ணில் இருந்தது.