பேவர் பிளாக்குக்கு மேல்பூச்சு வேண்டுமா?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் பழைய தனி வீடு இடிந்து அடுக்குமாடி எழும்பினால், மண் முற்றம் இருந்த இடத்தில் அநேகமாக பேவர் பிளாக் வந்துவிடுகிறது. கேட்டிலிருந்து கார் நிற்கிற இடம் வரை சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்து முடித்த கான்ட்ராக்டர், கணக்குத் தீர்க்கும் நாளில் ஒன்று கேட்பார்: "மேல ஒரு கோட்டிங் அடிச்சிடலாமா சார்? கல்லு புதுசு மாதிரியே பளபளன்னு நிக்கும்." சதுர அடிக்கு இவ்வளவு என்று விலையும் சொல்வார். என்ன கோட்டிங் என்று திருப்பிக் கேட்டால் ஒரு டின்னின் பெயர்தான் பதிலாக வரும். அந்த டின்னுக்குள் இருப்பது எந்த வகைச் சரக்கு என்பதைப் பொறுத்துத்தான், வாசல் பிழைப்பதும் கெடுவதும்.

முதலில் கல்லைப் பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, வீடு கட்டவே செங்கல் போதாமல் இருந்த நெதர்லாந்தில், தெருவில் பதிக்கும் செங்கல்லுக்கு மாற்றாகப் பரவியது இந்தக் கான்கிரீட் கல். நம் நாட்டில் இதற்கான தர விதி ஐ.எஸ். 15658, 2006-ல் வந்தது. கார் ஏறி இறங்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனமும் எம்-35 வலிமையும் அது சொல்லும் அளவு. ஊறவைத்தால் கல் தன் எடையில் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றும் அதில் உண்டு. 20-க்கு 10 செ.மீ. அளவுள்ள 60 மி.மீ. கல் ஏறக்குறைய 2.75 கிலோ. அப்படியானால், விதிக்கு உட்பட்ட நல்ல கல்லே 165 மில்லி வரை குடிக்கும். சின்ன டம்ளர் நிறையத் தண்ணீர், ஒரே ஒரு கல்லுக்குள்.

வாசலில் நாம் பார்க்கிற தொல்லைகளில் பாதி இந்தத் தண்ணீரின் வேலை. சிமென்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடை அது கரைத்து மேலே கொண்டுவருகிறது. அங்கே காற்றின் கரியமில வாயு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக வெள்ளை பூக்கிறது. கொத்தனார் இதை 'உப்பு பூத்திருக்கு' என்பார். சாயம் வெளுத்துவிட்டது என்று வீட்டுக்காரர் சண்டைக்குப் போவதும் பல சமயம் இதைப் பார்த்துத்தான். உண்மையில் இரும்பு ஆக்சைடு நிறமி போட்ட கல் வெயிலுக்கு அவ்வளவு சுலபத்தில் வெளுக்காது. ஈரம் நிற்கும் இடத்தில் பாசி பிடிப்பதும் இதே தண்ணீரால்தான். ஆனால் இடுக்கு மணலை எறும்பு வெளியே தள்ளுவதற்கும், நாவல் பழம் விழுந்து கறையாவதற்கும், கார்த்திகை விளக்கின் எண்ணெய் ஊறுவதற்கும் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது உதவும்.

கடையில் எத்தனை பெயர் இருந்தாலும் பூச்சில் பெரிய குடும்பங்கள் இரண்டுதான். ஒன்று, கல்லின் மேல் தோல் போல் படிவது. அக்ரிலிக், பாலியூரித்தேன், எப்பாக்சி, 'லேக்கர்' என்று விற்பவை எல்லாம் இந்தப் பக்கம். பளபளப்பும், நனைந்த கல்லின் அடர்ந்த நிறமும் வேண்டுமென்றால் இதுதான் தரும். சென்னையில் அதற்கு விலை அதிகம், ரூபாயைச் சொல்லவில்லை. அடியிலிருந்து ஆவி மேலே வந்துகொண்டே இருக்கும், தோல் அதைப் போகவிடாது. நீராவி அடியிலேயே தங்கி, பூச்சு பால் கலந்தாற்போல் வெளுத்துவிடும். மே மாதத்தில் ஓடி வந்து நிற்கும் காரின் சூடான டயரில் அக்ரிலிக் இளகி ஒட்டிக்கொண்டு உரிந்து வருவதும் உண்டு. எப்பாக்சியும் மலிவான பாலியூரித்தேனும் வெயிலில் மஞ்சளாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நனைந்தால் வழுக்கும். காலையில் பால் பாக்கெட் எடுக்க வரும் பாட்டி உள்ள வீட்டில் இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு குடும்பம் உள்ளே ஊறுவது: சிலேன், சிலாக்சேன். சிலேன் மூலக்கூறு மிகச் சிறியது. கல்லின் நுண்துளைகளுக்குள் சில மில்லிமீட்டர் வரை இறங்கும். அங்கிருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்து, ஒரு முனையால் கான்கிரீட்டின் சிலிக்கேட்டைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை ஒதுக்கும் மறுமுனை துளையின் உட்பக்கம் நீட்டியபடி நிற்கும். துளை அடைபடுவதில்லை, அதன் சுவர் மட்டும் குணம் மாறுகிறது. அதனால் மேலே விழும் தண்ணீர் சேம்பிலையில் போல உருண்டு ஓட, அடியிலிருந்து ஆவி தடையில்லாமல் வெளியேறும். பார்வைக்கு எந்த மாற்றமும் இருக்காது. பூசினீர்களா என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள், அவ்வளவுதான் இதன் குறை. ஒன்று மட்டும்: சாதாரண சிலேன் தண்ணீரைத் தடுக்கும், எண்ணெயை அவ்வளவாகத் தடுக்காது. என்ஜின் ஆயில் சொட்டும் பழைய வண்டி நிற்கிற இடமென்றால் ஃபுளோரின் சேர்ந்த, எண்ணெயையும் ஒதுக்கும் வகை வேண்டும், விலை கூடுதல்.

பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் கடல் உப்பை நினைத்துப் பயப்படுவார்கள். பேவர் பிளாக்கில் கம்பி கிடையாது. துருப்பிடித்து வெடிக்க ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே ஊறிக் காய்ந்து, உப்பு படிகமாகி மேல்தோலைப் பொரிய வைப்பதுதான் அங்கே நடப்பது. அதற்கும் ஊறும் வகையே மருந்து.

இனி, பலரும் கவனிக்காத இடுக்கு. இங்கிலாந்தில் இத்தகைய பூச்சுகளை விற்கும்போது, இடுக்கு மணலை இறுக்கும், களை முளைக்காது என்பதைப் பெரிய பலனாகச் சொல்வார்கள். அதே இங்கிலாந்தில் 2008 முதல், வீட்டு முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, மழையை மண்ணுக்கோ செடிக்கோ விடாமல் தெருவுக்கு அனுப்பினால் முன் அனுமதி வாங்க வேண்டும். நமக்கு இந்த விஷயம் இன்னும் நெருக்கமானது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். 200 சதுர அடி வாசலில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 26,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. அதற்கு முன்பே வீடு வீடாகப் போய் இதைச் சொன்னவர் சேகர் ராகவன். 2002-ல் மந்தைவெளியில் தொடங்கிய மழைநீர் சேகரிப்பு மையமான மழை இல்லம் அவருடைய முயற்சி. மாடித் தண்ணீரைக் குழாயில் பிடிக்க எல்லோரும் பழகிவிட்டோம், வாசல் தண்ணீரைத்தான் தெருவுக்கு விட்டுவிடுகிறோம்.

இடுக்கைப் பற்றி மிகைப்படுத்தவும் கூடாது. 2 முதல் 4 மி.மீ. இடுக்கில் நுண்மணல் நிரப்பிய சாதாரணத் தளம், புழுதி அடைய அடைய நீரைக் குறைவாகவே இறக்கும். மயிலாப்பூர், பெசன்ட் நகரின் மணல் பாங்கான நிலத்தில் இறங்கியது சீக்கிரம் உறிஞ்சப்படும். தி. நகரோ 1920-களில் நெடிய ஏரியைத் தூர்த்து உருவான ஊர்; மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்னும் பெயர் நிற்கிறது. அந்தக் களிமண்ணில் மெதுவாகத்தான் இறங்கும். கல்லுக்கு அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றியிருந்தால் எந்த ஊர் மண்ணானாலும் ஒன்றுதான். அப்படிப்பட்ட வாசலுக்கு 50-க்கு 1 என்ற சரிவும், சரிவின் முடிவில் ஓர் உறைகிணறும் வேண்டும். மணல் படுக்கை மேல் பதித்த தளமென்றால், இடுக்கை இறுக்கும் பூச்சு வேண்டவே வேண்டாம். குறைந்த மணலை ஆண்டுக்கொரு முறை பெருக்கி நிரப்பினால் போதும்.

பூசுவதற்கு முன் ஒரு சோதனை: வெறும் கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கறுத்து உள்ளே போனால் பூச்சும் போகும். ரப்பர் மோல்டில் வார்த்த வழவழப்பான கல்லில் தண்ணீர் அப்படியே நின்றால், ஊறும் பூச்சுக்குக் கொடுக்கிற காசு தண்டம். அந்தக் கல்லை அப்படியே விட்டுவிடலாம். ஏற்கெனவே யாராவது லேக்கர் அடித்துவிட்ட கல்லுக்கும் இதே கதைதான். இரண்டாவது சோதனை ஈரத்துக்கு. ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். புதுக் கல்லென்றால் ஒரு மழைக்காலமாவது போகட்டும், பூக்கிற உப்பெல்லாம் பூத்து முடியட்டும். அதைக் கழுவக் கடையில் விற்கும் ஆசிட்டை நேராக ஊற்றினால் சிமென்டையும் சேர்த்து அரித்து, ஜல்லி வெளியே தெரியும். முதலில் காய்ந்த தென்னந் துடைப்பம், போகாவிட்டால் நிறைய நீர் கலந்த சல்ஃபாமிக் அமிலம், பிறகு நல்ல தண்ணீர்.

மாசி, பங்குனியில் விடிகாலை வேளை பூசுவதற்கு ஏற்றது. நண்பகலில் சுடும் கல்லில் ஊற்றினால் உள்ளே இறங்குமுன் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும் என்று டின்னில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். லிட்டருக்கு 4 சதுர மீட்டர் என்றால் 200 சதுர அடிக்கு ஐந்து லிட்டர் ஆகும். தண்ணீர் கலந்து இரண்டாக்கும் ஆட்கள் உண்டு, பக்கத்தில் நில்லுங்கள்.

கேட்டுக்கு வெளியே கோலம் போடும் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். தெளித்த தண்ணீரைக் கல் குடித்து ஈரமாக நின்றால்தான் மாவு பிடிக்கும். பூசிய கல்லில் தண்ணீர் உருண்டு ஓடும், அதோடு கோல மாவும் ஓடும்.