வழிப்போக்கருக்கு ஒரு தீவு

சாகத் தயாராகிக்கொண்டுதான் அந்தக் காலத்தில் ஜப்பானின் ஷிகோகு யாத்திரைக்குக் கிளம்புவார்கள். உடம்பிலிருக்கும் வெள்ளை அங்கிதான் கோடித்துணி. கையிலிருக்கும் கழிதான் கல்லறைக் குறி. வழியில் விழுந்து செத்தால் அந்த ஊர்க்காரர்களே புதைத்து, கழியை மேலே நட்டுவிடலாம். சொந்த ஊருக்குச் சேதி அனுப்ப வேண்டியதில்லை என்று பயணச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு அதே அங்கி, அதே கழி, அதே கோரைத் தொப்பி எல்லாம் முதல் கோயிலான ரியோசென்ஜியிலேயே விற்பனைக்கு இருக்கின்றன. மார்ச் கடைசியில் போனால், குளிர்சாதனப் பேருந்திலிருந்து இறங்கும் தாத்தா பாட்டிகள் தொப்பியைப் போட்டுப் பார்த்து, ஒருவரையொருவர் கிண்டல் செய்து, படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மரணத்துக்கான உடுப்பு இவ்வளவு சிரிப்போடு விற்பனையாகும் இடம் வேறு உண்டா தெரியவில்லை.

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. டோகுஷிமா, கோச்சி, எஹிமே, ககாவா என்று நான்கு மாகாணங்கள். தீவைச் சுற்றி 88 பௌத்தக் கோயில்கள். எல்லாவற்றையும் தொட்டு வர ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நடந்தால் 40 நாளிலிருந்து 60 நாள் ஆகும். மட்சுயாமாவில் உள்ள இயோடெட்சு நிறுவனம் 1953-ல் யாத்திரைப் பேருந்து விட ஆரம்பித்த பிறகு, பெரும்பாலானவர்கள் சக்கரத்தில்தான் சுற்றுகிறார்கள். இப்போது வெளிநாட்டவர்களுக்காக நடத்தப்படும் வசந்தகாலச் சுற்றுலாக்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைப் பிடித்திருக்கின்றன. பாதையின் நல்ல பகுதிகளை மட்டும் வழிகாட்டியோடு நடப்பது. தார்ச்சாலையும் தொழிற்சாலையும் வரும் இடங்களை ரயிலிலோ வேனிலோ கடப்பது. இதில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை. வருடத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் பிரித்து நடந்து, பல வருடங்களில் சுற்றை முடிக்கும் ஜப்பானியர்கள் ஏராளம். எந்தக் கோயிலில் தொடங்கினாலும் தவறில்லை.

வசந்தம்தான் இதற்குப் பருவம். நாற்று நடுவதற்கு முன்னால் உழவர்களுக்கு ஓய்வு கிடைத்த காலம் அது. எஹிமே பக்கத்தில் சில ஊர்களில் கல்யாணத்துக்கு முன்பு பெண்கள் கூட்டமாக யாத்திரை போய்வரும் வழக்கமும் இருந்தது. ஹைகு எழுதுகிறவர்களின் பருவப் பட்டியலிலும் ஷிகோகு யாத்திரிகர் வசந்தத்தின் கீழ்தான் வருகிறார். செர்ரி மார்ச் கடைசியில் பூக்கும். ஏப்ரல் முடிவில் விஸ்டீரியா சரம் சரமாகத் தொங்கும். நருட்டோ நீரிணையின் கடற்சுழல்கள் வருடத்தில் மிகப் பெரிதாக எழும் பருவங்களில் ஒன்றும் இதுதான்.

எல்லாம் ஒரே மனிதரைச் சுற்றித்தான். கூகாய். பிற்காலத்தில் கோபோ டைஷி என்று பட்டம் பெற்றவர். 774-ல் இந்தத் தீவில், இன்று 75-ஆம் கோயிலான ஸென்ட்சூஜி இருக்கும் இடத்தில் பிறந்தார். 804-ல் கப்பலேறிச் சீனா போய், ஹுய்குவோ என்ற ஆசானிடம் தாந்திரீக பௌத்தம் கற்றுத் திரும்பி, ஷிங்கோன் மரபை நிறுவினார். நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி, தென்னிந்தியர். பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் காஞ்சியில் இருந்தவர் என்றும், பஞ்சம் வந்தபோது மழைக்காகப் பூஜை செய்தவர் என்றும், இலங்கை வழியாகக் கடல் கடந்து 720 வாக்கில் சீனத் தலைநகரை அடைந்தவர் என்றும் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. ஷிங்கோன் மரபு வணங்கும் எட்டு ஆசான்களில் அவரும் ஒருவர். ஷிகோகு கோயில்களில் கேட்கும் மந்திரங்கள் ஜப்பானிய நாக்கில் உருமாறிப்போன சமஸ்கிருதம். கழியின் உச்சியில் எழுதியிருப்பது சித்தம் எழுத்து, பிராமியின் வழிவந்தது. ஹோமமும் உண்டு. காஞ்சியிலிருந்து கிளம்பிய ஒருவரின் பாடம் மூன்றாம் தலைமுறை மாணவர் மூலமாக இந்தத் தீவில் இன்னும் ஓதப்படுகிறது. நம் ஊரில் போதிதர்மரைப் பற்றிப் பேசாத ஆளில்லை. வஜ்ரபோதியைப் பேசுவாரைக் காணோம்.

88 கோயில்களையும் கூகாயே நிறுவி வழி வகுத்தார் என்பது நம்பிக்கை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அவர் ஷிகோகுவின் மலைகளிலும் முரோட்டோ முனையிலும் தவம் செய்தது உண்மை. 88 என்ற முழு வரிசை துலக்கமாகத் தெரிவது 17-ஆம் நூற்றாண்டில்தான். ஷின்னென் என்ற துறவி 1687-ல் முதல் வழிகாட்டி நூலை அச்சிட்டார். வழிக்கல் நட்டார், தங்குமிடம் கட்டினார். அவருக்கு இரண்டு நூற்றாண்டு கழித்து நகட்சுகாஸா மோஹெய் என்று ஒருவர். 22 வயதில் வீட்டை விட்டு வந்தவர், திரும்பவே இல்லை. 1922-ல் சாகும்வரை 280 சுற்று முடித்தார். அவர் நட்ட வழிக்கற்கள் இன்னும் முச்சந்திகளில் நிற்கின்றன. கல்லில் ஒரு கை செதுக்கியிருக்கும். சட்டைக் கையின் மடிப்புகூடத் தெரியும். நீட்டிய விரல் அடுத்த கோயிலைக் காட்டும். கைபேசி வரைபடம் பிழைசெய்த இடத்தில்கூட அந்த விரல் சரியாகவே காட்டுகிறது.

கோயிலில் செய்யவேண்டியதற்கு ஒரு முறை உண்டு. வாசலில் தலைவணங்கி, கை அலம்பி, மணி அடிக்க வேண்டும். மணி உள்ளே போகும்போது மட்டும்தான். வெளியேறும்போது அடித்தால் பெற்ற பலன் போய்விடும் என்பார்கள். மெழுகுவத்தி, மூன்று ஊதுவத்தி. பெயரெழுதிய சீட்டைப் பெட்டியில் போட்டு, மூலவர் முன்னால் ஹிருதய சூத்திரம் ஓதி, பிறகு கூகாயின் சன்னிதியில் மறுபடியும் முதலிலிருந்து. இதெல்லாம் முடிந்தபின் கோயில் அலுவலகம். தைத்த ஏட்டை நீட்டினால், தூரிகையை மையில் தோய்த்து, கோயிலின் பெயரையும் மூலவர் பெயரையும் ஒரே வீச்சில் எழுதுகிறார்கள். அதன்மேல் மூன்று சிவப்பு முத்திரைகள். மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டாதிருக்க ஒரு தாளை நடுவே வைத்து மூடி, இரு கையாலும் திருப்பித் தருகிறார்கள். 2024 ஏப்ரலிலிருந்து இதற்குக் கட்டணம் 500 யென். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும். நடப்பவர் ஒவ்வொருவரின் நாளையும் தீர்மானிப்பது தரிசனம் அல்ல, இந்த ஐந்து மணிதான்.

கழிக்கும் தனி மரியாதை. கூகாயே அந்தக் கழியாக உடன் வருகிறார் என்பது நம்பிக்கை. ஆகவே விடுதிக்குப் போனதும் முதலில் கழியின் நுனியைக் கழுவவேண்டும், அப்புறம்தான் நம் கால். பாலத்தின்மேல் நடக்கும்போது கழியைத் தரையில் ஊன்றக் கூடாது. ஒருமுறை இடம் கிடைக்காமல் கூகாய் ஒரு பாலத்துக்கடியில் படுத்திருந்தாராம். எந்தப் பாலத்துக்கடியில் அவர் தூங்குகிறாரோ, யார் கண்டது.

முதல் பத்துக் கோயில்கள் யோஷினோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெருங்கி இருக்கின்றன. நடக்க எளிது. ஆனால் பலர் ரியோசென்ஜியை அடுத்த பண்டோவை எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். முதல் உலகப்போரில் சீனாவின் சிங்தாவில் பிடிபட்ட ஜெர்மானியர் சுமார் ஆயிரம் பேரை 1917 முதல் 1920 வரை இங்கேதான் வைத்திருந்தார்கள். முகாமில் அவர்கள் ரொட்டி சுட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள். 1918 ஜூன் 1-ஆம் தேதி பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை முழுதாக வாசித்தார்கள். ஆசியாவில் அதுவே முதல்முறை. பக்கத்து ஷின்டோ ஆலய வளாகத்தில் அவர்கள் கட்டிய சிறு கற்பாலம் இன்றும் இருக்கிறது. அந்நியரைப் பார்த்து மிரளாத குணம் யாத்திரிகர்களால் வந்தது என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்கிறார்கள். மிகையாகவே இருக்கட்டும், நம்பத் தோன்றுகிறது.

அந்தக் குணத்துக்கு அங்கே ஒரு பெயரும் உண்டு: ஓஸெத்தாய். நடந்துபோகிறவருக்கு வழியிலிருப்பவர் கொடுப்பது. சுற்றுலாக் குழுவாக நாங்கள் வயலோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி "ஓஹென்ரோ-சான்!" (யாத்திரிகரே!) என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். ஓடமுடியாத கால்களோடு வேகமாக வந்து, எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஹஸ்ஸாகு பழத்தைத் திணித்தார். கிச்சிலியைவிடப் பெரிது, தோல் தடிமன், லேசாகக் கசக்கும். எங்களில் ஒருவர் கூச்சப்பட்டுப் பணம் எடுத்தார். வழிகாட்டி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கொடுப்பது உங்களுக்கு இல்லை, டைஷிக்கு" என்றார். பதிலுக்குத் தரவேண்டியது பெயரெழுதிய சீட்டு ஒன்று. பழைய வீடுகளில் அந்தச் சீட்டுகளைச் சேர்த்து, வைக்கோல் பையில் அடைத்து, காப்பாகப் பரணில் தொங்கவிடுவார்களாம்.

இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சுற்றி இரண்டு கதைகள். 333 படி ஏறவேண்டிய பத்தாம் கோயில் கிரிஹட்டாஜியில் சொல்வது முதலாவது. கிழிந்த உடையோடு நின்ற துறவிக்கு, தறியிலிருந்த புதுத்துணியைத் தயங்காமல் வெட்டிக் கொடுத்தாள் ஒரு நெசவுக்காரப் பெண். அவள் கருணையின் போதிசத்துவரான கன்னோனாகவே ஆகிவிட்டாள். இரண்டாவது கதையின் நாயகன் இயோ நாட்டு (இன்றைய எஹிமே) பணக்காரன் எமோன் ஸபுரோ. பிச்சை கேட்டு வந்த துறவியின் ஓட்டைத் தட்டிவிட்டான், எட்டுத் துண்டானது. அவனுடைய எட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். வந்தவர் கூகாய் என்று புரிந்து, மன்னிப்புக் கேட்கத் தீவை இருபது முறை சுற்றினான், பிடிக்க முடியவில்லை. எதிர்த்திசையில் சுற்றினால் எதிர்ப்படுவார் என்று திரும்பி நடந்து, ஷோசான்ஜி மலையடியில் உயிர் போகும் நேரத்தில் கண்டான். லீப் வருடங்களில் யாத்திரிகர்கள் தலைகீழ் வரிசையில் சுற்றுவது இதனால்தான்.

அந்த ஷோசான்ஜிக்கு ஏறும் வழியை மட்டும் எந்தச் சுற்றுலாவிலும் தவறவிடக் கூடாது. பதினோராம் கோயிலான ஃபுஜியிதெராவின் பின்புறம், விஸ்டீரியாப் பந்தலைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. அடுத்த கோயிலுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் ஏறி இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, கடைசியில் 700 மீட்டர் உயரத்துக்கு ஏறவேண்டும். ஆறு மணி நேரத்தில் முடித்தால் நல்ல கால். யாத்திரிகரை உருட்டிவிடும் வழி என்றே இதற்குப் பெயர். பாதி வழியில் ஒரு கூடாரம்போன்ற சிறு ஆசிரமம். அதன் பக்கத்தில் ஊற்று. மேலே ஏறித் திரும்பினால், ஒற்றைத் தேவதாருவின் முன்னால் ஆளைவிடப் பலமடங்கு பெரிய கூகாய் சிலை. மூச்சு வாங்க வரும்போது திடீரென்று அண்ணாந்து பார்க்கவைக்கும். அங்கேயே முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் அடுத்த இறக்கமும் ஏற்றமும் காத்திருக்கின்றன.

இந்தப் பாதையைப் பற்றி அழகாக மட்டும் எழுதுவது நியாயமில்லை. வழியோரம் பாசி பிடித்த சிறு கல்லறைகள் உண்டு. தொழுநோயாளிகள் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, பிச்சையெடுத்தபடி இந்தத் தீவைச் சுற்றியே வாழ்ந்து முடிந்தார்கள். 1907-ல் வந்த சட்டம் அவர்களைப் பிடித்து அடைத்தது. தனிமைப்படுத்தும் கொள்கை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 1996-ல். ஓஸெத்தாய் எல்லோருக்கும் ஒரே மனதோடு கிடைக்கவில்லை. பல சுற்றுலா வழிகாட்டிகள் இந்தப் பகுதியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

மலையிறங்கினால் கமியாமா. தொங்கு செர்ரிக்குப் பெயர்போன ஊர். இளைஞர்கள் போய்விட்டு, சாத்திய வீடுகள் மிஞ்சிய கிராமம். இப்போது டோக்கியோ கணினி நிறுவனங்கள் சில பழைய வீடுகளில் கிளை வைத்திருக்கின்றன. 2023-ல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தது. எல்லா ஊருக்கும் இந்த யோகம் இல்லை. வாரிசு இல்லாமல் மூடிய யாத்திரை விடுதிகள் வழிநெடுகத் தென்படுகின்றன. ஒரு விடுதி மூடினால், அன்றைய நடை பத்து கிலோமீட்டர் நீளும். கோயில்கள் நிற்கும், பாதை நிற்குமா என்பது இந்தப் பாட்டிகளையும் விடுதிக்காரர்களையும் பொறுத்தது.

ககாவா மாகாணத்துக்கு வந்ததும் கால்களுக்கு ஓய்வு, கண்களுக்கு வேலை. ஸென்ட்சூஜியில் கூகாயின் சன்னிதிக்கு அடியில் சுமார் நூறு மீட்டர் சுரங்கம். கும்மிருட்டில் சுவரை இடது கையால் தடவிக்கொண்டே நடக்கவேண்டும். பக்கத்து ஊரான கோதோஹிராவில் 1835-ல் கட்டிய கானமாரு-ஸா, ஜப்பானில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கபுகி அரங்கு. 1985-லிருந்து வசந்தத்தில் டோக்கியோ நடிகர்கள் வந்து ஆடுகிறார்கள். மேடை சுழல்வது இன்றும் மனிதர்கள் தள்ளித்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானே விடுமுறையில் இருக்கும். அந்த வாரம் வேண்டாம். கோயில் விடுதி என்றால் சைவம் என்று நம்பிப் போகாதீர்கள். பல இடங்களில் மீன் உண்டு, பீரும் உண்டு. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். பத்து நாளில் 88 கோயிலையும் காட்டுகிறோம் என்று ஒரு நிறுவனமும், பத்து நாளில் பதினைந்து கோயில்தான், ஆனால் தினமும் நான்கைந்து மணி நேரம் நடை என்று இன்னொரு நிறுவனமும் சொன்னால், இரண்டாவதற்கே பணம் கட்டுங்கள். பேருந்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் பழம் கொண்டுவந்து தரமாட்டார்கள்.