வஹகோட்டையும் மாத்தளை வடபாதையும்: காணத்தகும் இடங்கள் சில

இலங்கைக்கு வரும் உல்லாசப் பயணிகளுட் பெரும்பாலோர் கடற்கரையையே முதலில் நாடுவர். நீர்கொழும்பு, பெந்தோட்டை, பாசிக்குடா ஆகியவற்றின் பெயர்களை அறியாத பயணி அரியர். உள்நாடு செல்வோரும் கண்டியில் தலதா மாளிகையைக் கண்டபின் சீகிரியாவை நோக்கி விரைகின்றனர். இடையே கிடக்கும் மாத்தளைப் பிரதேசம் வண்டியின் சாளரத்தில் தோன்றி மறையுங் காட்சியாகவே அவர்க்கு அமைகின்றது. எனினும் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. கடலைக் காணாத இம்மாவட்டத்தில் நின்று காணவேண்டிய இடங்கள் சில, கடல் கடந்து கரையேறி உள்நாடு புகுந்த மக்களாலும் கலைமரபாலும் உருவானவையாகும். வஹகோட்டை, நாலந்தா, மாத்தளை நகர் என்னும் மூன்றையும் இந்நோக்கிற் காண்பது பயனுடைத்து.

வஹகோட்டை, குருநாகல் - தம்புள்ளைத் தெருவிலுள்ள கலேவெலவிலிருந்து மாத்தளை செல்லும் வழியில், ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிற்றூர். சுற்றிலும் பௌத்தக் கிராமங்கள் சூழ இவ்வூர் மட்டும் கத்தோலிக்க ஊராக விளங்குவதேன் என்ற வினா புதிதாகச் செல்வோர்க்கு எழுவது இயல்பே. விடை பதினேழாம் நூற்றாண்டிலுள்ளது. 1630இல் ரந்தெனிவெலையிலும் 1638இல் கன்னொருவையிலும் கண்டிப் படைகளிடம் போத்துக்கேயர் பெருந்தோல்வி கண்டனர். இத்தகைய போர்களிற் சிறைப்பட்ட வீரர் பலர் கண்டி இராச்சியத்திலேயே தங்கினர். பின்னர் 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. அவர்கள் கரையோரங்களிற் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்யவே, அம்மதத்தினர் பலர் கண்டி மன்னனின் நாட்டிற் புகலிடந் தேடினர். வஹகோட்டை மக்கள் தம்மைப் போத்துக்கேயரின் வழிவந்தோர் எனக் கூறுவது இப்பின்னணியிலேயே விளங்கும்.

இவ்வாறு குடியேறியோர்க்கு நெடுங்காலம் குருமார் இல்லை. கோவாவிலிருந்து வந்த யோசவாஸ் அடிகள் 1692இல் கண்டியை அடைந்தபோது, போத்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்திற் சிறையிடப்பட்டார். பின்னர் மன்னனின் நன்மதிப்பைப் பெற்று 1711இல் கண்டியிலேயே மறைந்தார். 2015இல் இவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இவரையடுத்துப் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றியவர் என்பது தமிழ் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது. 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்திற் குருமார் நாட்டிலிருந்து அகற்றப்பட்டனர். குருமாரின்றியும் சமயத்தைக் காத்த குடும்பங்களின் வழியினரே இன்று இவ்வூரிலுள்ளோர் என்பது ஊர் மரபு.

இவ்வூர்ப் புனித அந்தோனியார் ஆலயம் நாடறிந்த யாத்திரைத் தலமாகும். அந்தோனியாரைப் பதுவை நகரோடு சேர்த்தே உலகம் அழைக்கின்றது. ஆனால் அவர் பிறந்த ஊர் போத்துக்கல்லின் லிஸ்பன் என்பதை நினைக்கும்போது, தாயகத்தை இழந்தோர் தம் நாட்டுப் புனிதரையே பற்றிக்கொண்டனரோ என எண்ணத் தோன்றுகின்றது. இது என் ஊகமே. கடலிற் கச்சதீவிலும் கொழும்பிற் கொச்சிக்கடையிலும் அவரே கொலுவிருக்கின்றார். அவரிடம் நேர்த்திவைப்போருட் சைவரும் உளர்.

இங்கு செல்வோர் காணமுடியாத ஒன்றும் உண்டு. ஏறத்தாழ இரு தலைமுறைக்கு முன்வரை இவ்வூரிற் போத்துக்கேயக் கலப்புமொழி பேசப்பட்டது. இன்று வழங்குவது சிங்களமே. அம்மொழியைக் கேட்க விரும்புவோர் தமிழ் வழங்கும் மட்டக்களப்புக்கே செல்லவேண்டும். அங்குள்ள பறங்கியர் சிலரிடையே அது இன்னும் உயிர்வாழ்கின்றது. சமயம் நிலைத்த ஊரில் மொழி அழிந்தமை மொழி பயில்வோர் ஆராயவேண்டிய பொருளாகும்.

அடுத்துக் காணத்தக்கது நாலந்தா கெடிகே. மாத்தளை - தம்புள்ளைப் பெருந்தெருவிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் கிழக்கே இக்கற்றளி அமைந்துள்ளது. இதன் காலத்தை எட்டாம் நூற்றாண்டிற்கும் பதினோராம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டதாக அறிஞர் பலவாறு கணிப்பர். மாமல்லபுரத்தைக் கண்டவர்க்கு இதன் அமைப்பு புதிதன்று. முன்மண்டபமும் கருவறையும், விமானத்துக் கூடுகளும் திராவிடக் கட்டடக்கலை மரபையே காட்டுகின்றன. கூடொன்றிற் குபேரன் வீற்றிருக்கின்றான். வழிபாடோ பௌத்தம். தமிழகக் கலைமரபு பௌத்தத் தேவைக்கு இசைந்து நின்றமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று இந்நாட்டில் அரிது. போவதென்ன நீர்த்தேக்கத்தினால் மூழ்கும் நிலை வந்தபோது, 1975இல் தொடங்கிக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1980 அளவில் உயர்ந்த இடத்தில் மீள நிறுவினர். இன்று நீர் சூழ்ந்த அமைதியில் அது நிற்கின்றது. வருவோர் தொகை குறைவு என்பது ஆய்வாளர்க்கு நன்மையே.

நாலந்தாவிலிருந்து தெற்கே மாத்தளைக்குச் செல்லும் தெருவும் காட்சிப் பொருளாகவே கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்யத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை, நாலந்தா ஊடாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் உயிர் குடித்தன. இறந்தோரின் பெயரும் தெரியாது, புதைத்த இடமுந் தெரியாது. இன்று இதே தெருவின் இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் அறிவிப்புப் பலகைகளுடன் பயணிகளை அழைக்கின்றன. மிளகும் கராம்பும் கொக்கோவும் எவ்வாறு வளர்கின்றன என அறிய அவை உதவும். எண்ணெய்ப் போத்தல்களின் விலையை மட்டும் விசாரித்து வாங்குதல் நன்று.

நடந்துவந்தோர் இளைப்பாறிய மாத்தளையில் எழுந்ததே முத்துமாரியம்மன் கோயில். மரத்தடியில் வணங்கப்பட்ட அம்மனுக்கு 1852இல் நிலம் நன்கொடையாகக் கிடைத்தது. 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பொருளுதவியுடன் கோயில் அமைந்தது. 1983 யூலைக் கலவரத்தின்போது தேர்களும் கோயிலின் பகுதிகளும் தீக்கிரையாயின. பின்னர் அனைத்தும் மீள உருவாக்கப்பட்டன. 108 அடி உயர்ந்த இராசகோபுரத்தின் சிற்பங்களை வியந்து படமெடுக்கும் வெளிநாட்டார்க்கு இச்செய்தியை எடுத்துரைப்போர் மிகச் சிலரே. மாசித் திருவிழாவில் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும்போது, சுற்றுத் தோட்டங்களின் மக்கள் நகரில் நிறைந்திருப்பர். கோயிலைக் காண அதுவே உகந்த காலம்.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறலாம். மாத்தளைக்கு வடக்கே அண்மையிலுள்ள அலுவிகாரை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி மன்னன் காலத்திற் பாளித் திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட இடமெனப் போற்றப்படுவது. தம்புள்ளைக் குகைகளும் அம்மன்னனோடு தொடர்புடையன. 1848இல் ஆங்கிலேயர்க்கு எதிராகக் கிளர்ந்தோர் கொங்காலகொட பண்டாவுக்கு முடிசூட்டியதும் தம்புள்ளையிலேயே. சீகிரியாவைப் பற்றி எழுதாதார் இல்லையாதலின் இங்கு விரித்தல் வேண்டா. குளிர்ந்த காற்றை விரும்புவோர் நக்கிள்ஸ் மலைத்தொடரின் றிவஸ்ரன் பகுதிக்குச் செல்லலாம்.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880 முதற் புகையிரதப் பாதை உண்டு. அதற்கப்பால் பஸ் வண்டியே துணை. மாத்தளையிற் காலையில் அம்மனைத் தரிசித்துப் புறப்படுபவர் அலுவிகாரையையும் நாலந்தாவையும் கண்டு, மாலைக்குள் தம்புள்ளையை அடையலாம். வஹகோட்டைக்கு மறுநாளை ஒதுக்குக. யூன் 13 அந்தோனியாரின் திருநாள். அதனையொட்டிய பெருவிழாக் காலத்திற் செல்வோர் தங்குமிடத்தை முன்கூட்டியே ஒழுங்குசெய்தல் வேண்டும். ஊரின் முதியோருடன் ஆறுதலாக உரையாட விரும்புவோர்க்கு விழா முடிந்த பின்னுள்ள நாட்களே ஏற்றவை.