ஒரே கச்சேரி, இரு செவிகள்

கச்சேரி முடிந்து கூட்டம் கலையும்போது வாயிலருகே சற்று ஒதுங்கி நின்றால் ஒரு வேடிக்கையைக் கேட்கலாம். "இப்படி ஒரு வாசிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!" என்பார் ஒருவர். அவர் தோளை உரசிக்கொண்டு வருபவரோ, "இதுவும் ஒரு கச்சேரியா?" என்று முகத்தைச் சுளிப்பார். இருவரும் ஒரே பந்தலில், ஒரே வித்துவானைக் கேட்டவர்களே. சங்கரன்கோவில் ஆடித்தபசு பார்த்துவிட்டுக் கரிவலம்வந்தநல்லூருக்குத் திரும்பும் பேருந்துகளில் இத்தகைய வாதங்களைப் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். ஊர் வந்து இறங்கிய பின்னும் வாதம் முடிந்திராது.

மாணவச் செல்வங்களே, இந்த வேற்றுமை எங்கிருந்து வருகிறது? ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று சொல்லிவிட்டு அகன்றுவிடலாம். அது உண்மையே, ஆனால் அவ்வாறு சொல்வதனால் நாம் ஒன்றையும் புதிதாக அறிந்துகொள்வதில்லை. ஆதலின் தந்திக் கருவி வாசித்த இருவரை எடுத்துக்கொண்டு இதனைச் சற்று நுணுகி நோக்குவோம். ஒருவர் அமெரிக்க நீக்ரோ இனத்தவர் என்று அந்நாளில் குறிப்பிடப்பட்ட கறுப்பின மக்களிடையே தோன்றிய புளூஸ் கிதார்க் கலைஞர் மடி வாட்டர்ஸ். மற்றவர் நம்மவர், மாண்டலின் சீனிவாஸ்.

புளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்றவர்களின் வழித்தோன்றல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வளர்த்த பாட்டு. பருத்தி விளையும் கரிசல் மண்ணில் பிறந்த நமக்கு அந்த வயற்காட்டு உழைப்பு முற்றும் அந்நியமன்று. பெரும்பாலும் மூன்றடிப் பாட்டு; முதலடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாமடியில் விடை கூறுவதுபோல் முடிப்பர். சுரத்திலே ஒரு நுட்பம் உண்டு. அவர்களுடைய காந்தாரம் சாதாரண காந்தாரமுமன்று, அந்தர காந்தாரமுமன்று. இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவது. கிதாரில் அதனை எழுப்பத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுப்பர். அல்லது விரலில் ஒரு குழாயை மாட்டித் தந்தியின்மேல் வழுக்குவர். நம் கோட்டு வாத்தியத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்த வழுக்கல் உடனே பிடிபட்டுவிடும்.

மெக்கின்லி மார்கன்ஃபீல்டு என்ற இயற்பெயருடைய மடி வாட்டர்ஸ் மிசிசிப்பி மாநிலத்தின் தோட்டத்தில் வேலை செய்தவர். 1943ஆம் ஆண்டில் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர் வாசிக்க வேண்டியிருந்த இடங்கள் மதுவருந்தும் விடுதிகள். பேச்சும் சிரிப்பும் நிறைந்த அவ்விடத்தில் மரக் கிதாரின் மெல்லொலி எங்கே கேட்கும்? ஆகவே மின்சாரக் கிதாரை எடுத்தார். அது ஆடம்பரத்துக்காக வந்த மின்சாரமன்று என்பதை இங்கே மனத்தில் கொள்ளுங்கள்.

1958ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டார். பியானோ வாசிக்கும் ஓட்டிஸ் ஸ்பான் உடன் சென்றார். அந்நாட்டு ரசிகர்கள் அதற்கு முன்னர்க் கேட்டிருந்தது பிக் பில் புரூன்சி என்பவரை. அவர் அங்கே தனியொருவராய் மரக் கிதாரோடு அமர்ந்து, நாட்டுப்புறத்து உழவரைப்போலப் பாடியவர். புளூஸ் என்றால் இதுதான் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தனர். மேடையில் மின்சாரக் கிதார் வீறிட்டு ஒலித்ததும் சிலர் திடுக்குற்றனர். பத்திரிகைகளிலும் கடுமொழிகள் வந்தன. வேறு சிலரோ இத்தகைய இசையை வாழ்நாளில் கேட்டதில்லை என்று மகிழ்ந்தனர். வாட்டர்ஸ் வியப்புற்று ஒலியைத் தணித்துக்கொண்டார்.

கதையின் சுவையான பகுதி இனித்தான் வருகிறது. 1963இல் அவர் மீண்டும் அங்கே சென்றபோது, இந்த மக்களுக்கு மெல்லொலியே பிடிக்கும் என்றெண்ணி மரக் கிதாரை எடுத்துச் சென்றார். அந்த ஐந்தாண்டுகளுக்குள் ஒரு புதிய இளைஞர் கூட்டம் அவருடைய மின்சாரக் கிதார் இசைத்தட்டுகளைத் தேடித்தேடிக் கேட்டுப் பழகியிருந்தது. அவருடைய பாட்டொன்றின் பெயரையே தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்ட ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அந்த இளைஞர்களில் அடங்குவர். அவர்களுக்கு மரக் கிதார் ஏமாற்றமாய் இருந்தது! பாவம், அந்த மனிதர் என்னதான் செய்வார்?

இன்னுமொரு செய்தி. பழமையின் வடிவமென்று இங்கிலாந்து ரசிகர்கள் போற்றிய புரூன்சியும் சிகாகோவில் குழுவோடு நகரத்து இசையை வாசித்துப் பெயர் பெற்றவரே. வெளிநாட்டு ரசிகருக்காக அவர் பழைய கோலத்தைப் பூண்டுகொண்டார் என்றால் அது மிகையாகாது. ஆக, ரசிகர் காப்பாற்ற நினைத்த பழமையிலும் பாதி அவர்களே விரும்பி வரவழைத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். உப்பலபு சீனிவாஸ் 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். தந்தையார் சத்தியநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். சிறுவன் வீட்டிலிருந்த மாண்டலினைத் தானே எடுத்துப் பழகினான். செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரான ருத்ரராஜு சுப்பராஜு அவனுக்குக் கர்நாடக இசையைக் கற்பித்தார். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் வாயால் பாடுவார்; பையன் கருவியில் எழுப்புவான். வாத்தியத்தை வாத்தியமாகக் கற்காமல் பாட்டாகக் கற்றது அவனுக்குப் பெரும் பேறாயிற்று என்பது என் துணிபு. ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள் இதனை எளிதில் ஒப்புவர்.

1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி. 1981 டிசம்பர் இசை விழாவில் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்தபோது வயது பன்னிரண்டு. கூட்டம் வியந்தது, ஆனால் எல்லோரும் ஒரே மனத்தினராய் வியந்துவிடவில்லை. மாண்டலின் மேனாட்டுக் கருவியாயிற்றே என்றனர் சிலர். மின்சார ஒலி செவியைத் துளைக்கிறது என்றும், வேகம் மிகுந்து சௌக்கியம் குறைகிறது என்றும் குறை கூறினர். சிறுவன் என்பதற்காகவே கைதட்டுகிறார்கள் என்று சொன்னவர்களும் இருந்தனர்.

இக்குறைகளில் முதலாவதற்கு விடை நம் ஊருக்குக் கிழக்கே எட்டயபுரத்திலேயே இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் பிடிலைக் கற்று, அதில் நம் இசையை வாசித்து, எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாய் விளங்கியவர். கழுத்தடியில் வைத்து நின்று வாசித்த கருவியைத் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும்படி நம்மவர் மாற்றினர். தந்திகளின் சுருதியையும் சட்ஜ பஞ்சமமாகத் திருத்திக்கொண்டனர். இன்று பிடில் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைக்கவும் முடியவில்லை. அது வெளிநாட்டுக் கருவி என்று எந்தப் பாட்டியும் முகம் சுளிப்பதில்லை.

மின்சாரத்தைப் பற்றிய குறைக்கு விடை சற்று நீளமானது. கருவியின் அமைப்பையே பார்க்க வேண்டும். கர்நாடக இசையின் உயிர் கமகம். ஒரு சுரம் அசைந்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தைத் தொட்டுவர வேண்டும். பிடிலில் மெட்டுகளே இல்லை; விரல் தங்குதடையின்றி நகரும். வீணையில் மெட்டுகள் உண்டெனினும் அவை மெழுகின்மேல் உயரமாய் நிற்பதால் தந்தியை இழுத்து அசைக்க இடமுண்டு. வழக்கமான மாண்டலினிலோ எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாய் நான்கு இணைகளாக அமைந்திருக்கும். இணைத் தந்திகளைச் சேர்த்து இழுத்தால் சுருதி பிசகும். மீட்டிய ஒலியோ கணத்தில் மங்கிவிடும். அதனாலேயே மேனாட்டார் ஒரே சுரத்தைப் படபடவென்று பலமுறை மீட்டி நீட்டுகிறார்கள். அவ்வாறு மீட்டினால் தோடி ராகம் தோடியாக இராது.

சீனிவாஸ் இணைகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கினார்; ஐந்து தந்திகள் வைத்துக்கொண்டார்; ஒலியை மின்சாரத்தால் பெருக்கினார். இதனால் ஒருமுறை மீட்டிய ஒலி நின்று நிலைத்தது. அது நிலைத்திருக்கும்போதே விரலை வழுக்கியும் தந்தியை இழுத்தும் கமகங்களை எழுப்ப வழி பிறந்தது. சிகாகோ கலைஞருக்கு மின்சாரம் இரைச்சலைக் கடக்க உதவியது. நம்மவருக்குக் கார்வையைத் தந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்தார்க்குக் கார்வையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு நின்றாலன்றி நிற்காத அந்த ஒலிக்குப் பழகிய செவி, பட்டென்று அறுந்துபோகும் மீட்டொலியைப் பொறுக்காது.

ஒலிபெருக்கியைக் காது வலிக்கும்படி வைத்திருந்தார்கள் என்று ஒரு ரசிகர் குறை சொன்னால் அது வேறு. அந்தக் குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால் மண்டபத்து ஒலியமைப்பின் குற்றத்தைக் கலைஞரின் கலைமீது ஏற்றுவது முறையாகாது. இவ்விரண்டும் எவ்வளவு எளிதில் கலந்துவிடுகின்றன என்பதற்கு அமெரிக்காவின் நியூபோர்ட் விழாவே சான்று. 1965ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பாப் டிலன் அங்கே மின்சாரக் கிதாரோடு பாடியபோது கூச்சல் எழுந்தது. மின்சாரம் பிடிக்காமல் கூச்சலிட்டார்களா, ஒலியமைப்பு கெட்டிருந்ததனாலா, சில பாட்டுகளோடு அவர் இறங்கிவிட்டதனாலா என்று இன்றளவும் வழக்காடுகிறார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு காரணம் இருந்திருக்கலாம். கூச்சல் மட்டும் ஒன்றாய்க் கேட்டது.

வேகத்தைப் பற்றிய குறையை நான் முற்றும் தள்ளிவிட மாட்டேன். விரைந்த கை பெற்ற இளங்கலைஞர் எவருக்கும் கைதட்டல் ஒரு சோதனை. துரித காலத்தில் கூட்டம் ஆர்ப்பரிக்கும். விளம்ப காலத்தில் அமைதியாயிருக்கும். அந்த அமைதியும் பாராட்டே என்பதை அறியக் கலைஞனுக்கு நாளாகும். சீனிவாஸ் அதனை அறிந்தார் என்றே அவருடைய பிற்கால ஆலாபனைகளைக் கேட்டு நான் கருதுகிறேன். என் நண்பர் ஒருவர் இதனை ஒப்பமாட்டார். அவருக்குச் சிறுவயதுச் சீனிவாஸே சீனிவாஸ்.

பின்னர் வேறொரு வகைப் பிளவும் தோன்றியது. 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்த அவர், பிற்காலத்தில் ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாக்லின், தபலா மேதை ஜாகிர் உசேன் ஆகியோரோடு 'ரிமெம்பர் சக்தி' குழுவில் சேர்ந்தார். கீர்த்தனையை எதிர்பார்த்து வந்தவர்க்கு அது கீர்த்தனையாக இல்லை. ஜாஸ் இசையை எதிர்பார்த்தவர்க்கு அது முழு ஜாஸாகவும் இல்லை. ஒன்றையும் எதிர்பாராமல் வந்தவர்களே அதிகம் மகிழ்ந்திருப்பர் என்று எண்ணுகிறேன்.

1998இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சீனிவாஸ் 2014 செப்டம்பர் 19ஆம் நாள் நாற்பத்தைந்தாம் வயதில் காலமானார். இன்று கர்நாடக இசை மேடையில் மாண்டலினைக் கண்டு எவரும் வியப்பதில்லை. வாதம் அதனை விட்டு விசைப்பலகைக் கருவிக்குப் போய்விட்டது. அதில் இழுக்கத் தந்தியும் இல்லை, வழுக்க இடமும் இல்லை. பக்கத்திலுள்ள சிறு சக்கரமொன்றை விரலால் உருட்டிச் சுரத்தை வளைக்கிறார்கள். அது கமகமா, கமகத்தின் சாயலா என்று கச்சேரி முடிந்து வாயிலருகே நின்று பேசிக்கொள்கிறார்கள்.